சிவப்புச் செருப்புத் தடம்

சித்தூர் ஆந்திராவுக்கா, மதராசுக்கா என்று ஊரே அடித்துக்கொண்ட காலம். எங்கள் வீட்டில் தமிழ் நோட்டீஸ் அச்சாகிறது என்று யாரோ கிளப்பிவிட, ஒரு கும்பல் கதவை உடைத்துக்கொண்டு நுழைந்தது. நானும் நைனாவும் தரையில் உட்கார்ந்து கிறிஸ்துமஸ் வாழ்த்து மடல்கள் செய்துகொண்டிருந்தோம். வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி, சிவப்பு வாட்டர் கலரில் தோய்த்து, நட்சத்திரமாக அச்சுக் குத்துவது என் வேலை.

"கார்டுதாம்பா செஞ்சிக்கினு இருக்கோம், நீங்களே பாருங்க" என்றார் நைனா. பதிலுக்குத் தடி விழுந்தது. நெற்றி பிளந்து சாய்ந்தார். அடித்தவன் பக்கத்து வீட்டு தேவதாசு, எங்கள் சர்ச்சிலேயே பாடுகிறவன். வண்ணக் கிண்ணத்தை உதைத்துக் கவிழ்த்து, மடல்களை மிதித்துக்கொண்டு போனான்.

கிறிஸ்துமஸ் காலையில், அவன் மிதித்த மடலையே அவன் அம்மாவிடம், நான் அத்தை என்று கூப்பிடுகிறவரிடம், கொடுத்தேன். நட்சத்திரங்களின்மேல் சிவப்பாய் ஒரு செருப்புத் தடம்.

"இத்த மிதிச்சவன் யாரு?" என்று கேட்டார் அத்தை.

நான் வாசலில் கிடந்த செருப்பைப் பார்த்தேன். அதை எடுத்துத் தடத்தின்மேல் வைத்தார். அப்படியே பொருந்தியது.

மகனை வெளியே கூப்பிட்டு, அந்தச் செருப்பாலேயே அடித்தார். உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். அவன் கையைத் தூக்கித் தடுக்கவே இல்லை. நான் நகரப் பார்த்தேன்.

"இத்த பாக்கத்தான வந்த? நின்னு பாத்துட்டுப் போ" என்றார் அத்தை, அடிப்பதை நிறுத்தாமல்.

நின்று பார்த்தேன். அதற்குப் பிறகும் எத்தனையோ மடல்கள் செய்துவிட்டேன். நட்சத்திரங்களுக்கு மஞ்சள்தான் தொடுகிறேன்.