செம்புக் குடத்துத் தண்ணீர்

குரோம்பேட்டையில் எங்கள் ஃபிளாட்டில் ஓர் உப்புநீர் மீன்தொட்டி இருக்கிறது. அதில் காளான் குடை போல விரியும் உயிருள்ள பவளங்களைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று தேடித்தேடிச் சேர்த்தேன்.

சென்ற கோடையில் அவை திடீரெனச் சுருங்க ஆரம்பித்தன. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பள்ளியில் பாடம் நடத்தும்போதும் நினைப்பெல்லாம் தொட்டியில்தான். வெயில்தான் காரணமென்று ஃபேன் வைத்தேன். லைட்டைக் குறைத்தேன். நான்காம் நாள் நீலம் கரைந்தே போனது.

"இப்படித் தொட்டி முன்னாடி குறுக்கும் நெடுக்குமா நடந்துகிட்டே இருந்தா சரியாயிடுமா? கடைக்காரரைக் கூப்பிடு" என்று கணவர் எரிச்சல்பட்டார்.

தொட்டி அமைத்துத் தந்த கடைக்காரர் வந்து பார்த்தார்.

"வெயில்ல தண்ணி கொறையுமே மேடம், அதுக்கு இன்னா ஊத்துறீங்க?"

"நாங்க குடிக்கிற ஃபில்டர் தண்ணிதாண்ணா" என்று பெருமையாகச் சமையலறையைக் காட்டினேன். அங்கே அந்தத் தண்ணீரைப் பிடித்து வைக்கும் செம்புக் குடம், புளி போட்டுத் தேய்த்துப் பளபளத்தது.

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "செம்பு நமக்கு நல்லது மேடம். இதுங்களுக்கு வெஷம்!"

உடனே பாதித் தண்ணீரை மாற்றி, மிச்சச் செம்பை உறிஞ்சக் கரி ஃபில்டர் போட்டுக் கொடுத்தார். பத்து நாளில் சிவப்பும் பச்சையும் மெல்ல விரிந்தன.

இப்போது தொட்டித் தண்ணீருக்குத் தனி பிளாஸ்டிக் கேன் வைத்திருக்கிறேன். எது வாடினாலும், கடைசியாக நான் என்ன செய்தேன் என்றுதான் முதலில் யோசிக்கிறேன். ஏனென்றால் அந்த நான்கு நாளும், பாவம் வாடுகிறதே என்று வழக்கத்தைவிட ஒரு சொம்பு அதிகமாக ஊற்றியவள் நான்தான்.