மகனுக்கு லீவு இல்லை

ஆர்மியில் சேர்ந்த முதல் வருசமே லீசிங்கில் மோட்டார் பைக் எடுத்தேன். மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்த அப்பாதான் பிணைக்குக் கையெழுத்துப் போட்டார். மூன்று தவணை கட்டினேன். பிறகு சம்பளம் வந்ததும் கூட்டாளிகளோடு செலவழித்துவிடுவேன். கம்பனியிலிருந்து போனே வரவில்லை. மறந்துவிட்டார்கள் என்று சந்தோசப்பட்டேன்.

போன மாதம் அப்பா திடீரென்று செத்துப்போனார். காரியம் முடிந்ததும், நிலுவையைக் கட்ட அவகாசம் கேட்டுக் கண்டிக் கிளைக்குப் போனேன். கவுண்டரில் இருந்த அக்கா என் அடையாள அட்டையைப் பார்த்துச் சிரித்தார்.

"ஒரு வழியா லீவு குடுத்துட்டாங்களா தம்பி? எங்க, இந்த மாசம் அப்பாவ இன்னும் காணோம்?"

"அப்பா இங்க வந்தாரா?"

"மாசா மாசம் அவருதானே வந்து கட்டுறாரு. மகனுக்கு லீவு இல்ல, அவன் அனுப்புற காசுதான்னு சொல்லுவாரு. போன் எடுக்கிறதுன்னா எனக்கே எடுங்க, புள்ளைய கரைச்சல் பண்ணாதீங்கன்னு வேற சொல்லி வச்சிருக்காரு."

ஒவ்வொரு மாதமும் அப்பா ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு பஸ் ஏறி வந்திருக்கிறார். நானோ லீவில் வந்தும் வீட்டுக்குப் போகாமல், அந்த பைக்கிலேயே கண்டி வாவியைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"அப்பா தவறிட்டாரு அக்கா."

அக்கா எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஒங்க கணக்குல ஒரு தவணைகூடப் பிந்தல தம்பி. நாளைக்கு வீடு கட்ட லோன் கேட்டாலும் தயங்காம குடுப்பாங்க."

இப்போது தவணையைச் சம்பளத்திலேயே பிடிக்க எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆனாலும் அந்த நல்ல கணக்கில் அன்று வரைக்கும் நான் கட்டியது மூன்று தவணைதான்.