இடது கைக்கு இரண்டு விரல் குறைய

என் கணவர் நோர்வேயிலிருந்து அனுப்பிய முதல் பனிக்காலப் படத்தில் முழங்கால் வரை பனிக்குள் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். நான் பனியையும் பார்க்கவில்லை, சிரிப்பையும் பார்க்கவில்லை. அவர் போட்டிருந்த சுவெற்றரைத்தான் பார்த்தேன். நெஞ்சுக்குக் குறுக்கே கொம்பு வைத்த மான்கள் வரிசையாக நின்றன. அவற்றுக்குப் பின்னால் நீலம் சாம்பலாகி, சாம்பல் செம்மண்ணாகி, மெல்ல மெல்ல மஞ்சளுக்குப் போனது. கடையில் வாங்கியது இல்லை. பள்ளிக்கூடத்தில் சிஸ்டரிடம் அடி வாங்கிப் பின்னல் பழகியவள் நான். கைப்பின்னல் எது, மெஷின் பின்னல் எது என்று எனக்குத் தெரியும்.

படத்தின் பின்பக்கத்தில் எழுதியிருந்தார்: "வேலை இடத்து அக்கா பின்னித் தந்தவ. நல்ல சூடு."

எனக்கும் இங்கே நல்ல சூடாகத்தான் இருந்தது.

யாழ்ப்பாணத்து அக்காவாம். மீன் வெட்டிப் பெட்டியில் அடுக்கும் தொழிற்சாலையில் அவருக்குப் பக்கத்து மேசையாம். தனியாளாம். அக்கா என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டால் அதற்குப் பிறகு பெண்சாதி வாயே திறக்கக் கூடாது என்று எங்கள் ஆண்கள் எங்கேயோ ஒரு சட்டம் எழுதி வைத்திருக்கிறார்கள்.

அப்போது நானும் அம்மாவும் துறைமுகத்துக்குப் போகும் வீதியில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். விடிய முன்னம் கடற்படையின் சண்டைப் படகுகள் வெளிக்கிடும் சத்தம் கேட்கும். பொழுதுபட்டால் வீதியில் நாயையும் எங்கள் ஊருக்குள் திரியும் புள்ளிமானையும் தவிர ஒருவரும் இருக்கமாட்டார்கள். என்னை அவரிடம் கூப்பிடுவதற்கான கடதாசிகள் இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று இருந்தேன். அந்தச் சண்டைக் காலத்தில் ஊரில் எல்லாருக்கும் இருந்த பயம் எனக்கும் இருந்தது. அதற்கு மேலே எனக்கென்று தனியாக இன்னொரு பயம்: கடதாசி வருவதற்குள் அவர் என்னுடையவராக இல்லாமல் போய்விடுவார் என்று.

அந்தப் படத்தைத் தலையணைக்குக் கீழே வைத்து எடுத்து எடுத்துப் பார்த்தேன். ஒருநாள் கைகள் கண்ணில் பட்டன. சுவெற்றரின் வலது கை மணிக்கட்டில் அழகாக நின்றது. இடது கை விரல்களை மூடிக்கொண்டு தொங்கியது.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். குசினியில் நின்ற அம்மா எட்டிப் பார்த்தா.

என் கணவருக்கு இடது கை வலது கையைவிட இரண்டு விரல் கட்டை. சின்ன வயதில் கட்டைபறிச்சான் கரையில் வள்ளத்திலிருந்து குதித்து முறித்தது. எண்ணெய்க் கட்டுப் போட்டார்கள். எலும்பு பொருந்தியது, ஆனால் கொஞ்சம் வளைந்து பொருந்தியது. எப்போதும் சேட்டுக் கையை மடித்து விடுவதால் வெளியில் ஒருவருக்கும் தெரியாது. அவருடைய தாய்க்குத் தெரியும். அவ செத்துப்போனா. பிறகு எனக்குத் தெரியும். அந்த அக்காவுக்குத் தெரியாது. அப்படியென்றால் அந்தக் கையை அவள் பிடித்துப் பார்த்ததில்லை.

அவருக்கு நானும் ஒரு சுவெற்றர் பின்னுவது, இடது கையை இரண்டு விரல் குறைத்துப் பின்னுவது என்று அன்றைக்கே முடிவெடுத்தேன். என்னுடையதைப் போட்ட பிறகு மற்றதை அவர் கையாலும் தொடக் கூடாது. அதே நூலை அனுப்பச் சொல்லி எழுதினேன்.

விடுமுறையில் ஊருக்கு வந்த ஒருவரின் பெட்டியில் நூல் வந்தது. ஒரே இழை, ஆனால் இழுக்க இழுக்க நிறம் தானாக மாறிக்கொண்டு வந்தது. அம்மா உருண்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா.

"சாயம் பிழைச்ச நூலை ஆரோ அவரின்ர தலையில கட்டிப்போட்டாங்கள்."

"இல்லையம்மா, இது இப்பிடித்தான். பின்னப் பின்னத் தானா வரி விழும்."

கணக்குக் கொப்பித் தாளில் கட்டம் கட்டமாக மான் கீறினேன். அவளுடைய மானுக்குக் கொம்பு என்றால் என்னுடையதற்கு முதுகில் புள்ளி. எங்கள் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் குப்பைக்குள் வாழைப்பழத் தோல் தேடும் அதே மான். இங்கே இருந்த காலத்தில் வேலைக்குப் போகும்போது அவர் சைக்கிளை நிறுத்தி அவற்றுக்குப் பாண் போடுவார். அவளுக்கு அதுவும் தெரியாது என்பதில் எனக்கு ஒரு சந்தோசம்.

மானுக்கும் அதே நூல், பின்னணிக்கும் அதே நூல் என்று தொடங்கியதுதான் பிழை. ஒரு உருண்டையில் மஞ்சள் வரும்போது மற்றதிலும் மஞ்சள் வந்தது. மானின் கால்களைக் காணவில்லை. அவிழ்த்துவிட்டு, ஒன்றை நீலத்திலும் மற்றதை மஞ்சளிலும் தொடங்கினேன். மானுக்குப் போகும் நூல் குறைவு, பின்னணிக்குப் போவது கூட. ஆகவே ஒன்று வேகமாக ஓடிப்போய் மற்றதைப் பிடித்துவிட்டது. இந்தமுறை தலையைக் காணவில்லை. வேறு வழியில்லாமல் படத்தை எடுத்துப் பார்த்தேன். அவளுடைய மான்கள் எல்லாம் தனிக் கறுப்பு. நிறம் மாறுவது பின்னணி மட்டும். அவளிடம் போய்ப் பாடம் படிக்க வேண்டி வந்துவிட்டதே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

டவுணில் நூல் கடை வைத்திருந்த முஸ்லிம் நானாவிடம் பிள்ளைத் தொப்பி பின்னும் வெள்ளையும் றோசாவும்தான் இருந்தன.

"கடும் நிறம் வேணுமெண்டா கொழும்பால வரேக்க எடுத்து வாறன், தங்கச்சி. கறுப்போ?"

"கறுப்பு வேண்டாம்," என்றேன். கறுப்பு அவளுடையது. "கருநீலம்."

"ஆருக்கு இது? அவருக்கோ? அங்க நல்ல குளிராமே."

குளிர்தான் நானா, சூடாக்க ஆள் இருக்கு என்று சொல்ல வாய் உன்னியது. விழுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இனி நெஞ்சளவு. பழைய சேட்டொன்று அலுமாரியில் இருந்தது, ஆனால் படத்தில் அவர் பருத்திருந்தார். தொலைபேசிக் கடைக்குப் போய் அவருக்கு எடுத்துக் கேட்டேன்.

"பொறும்," என்றார், "அக்காட்டச் சொல்லி அளந்து சொல்லுறன்."

"வேண்டாம்!"

கடையில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் குரலைத் தாழ்த்தினேன். "நீங்களே ஒரு கயிறை நெஞ்சைச் சுத்திப் பிடிச்சு, வெட்டிக் கடிதத்துக்குள்ள வச்சு அனுப்புங்கோ."

"உமக்கென்ன விசரோ?"

"ஓம், விசர்தான்."

கயிறு வந்தது. சேட்டோடு வைத்துப் பார்த்தால் ஒரு சாண் கூட. ஆர் சமைத்துப் போட்டு இப்படிப் பருக்க வைத்தது என்று அடுத்த யோசனை தொடங்கிவிட்டது. கைகளுக்கு மட்டும் நான் அளவு கேட்கவில்லை. சேட்டின் வலது கையை அளந்தேன். இடது கைக்கு என் இரண்டு விரலை வைத்துக் கழித்தேன்.

கச்சான் காற்று அனலாக வீசும் மாதங்கள் அவை. மடியில் துவாயைப் போட்டு, அதற்கு மேல் கம்பளியை வைத்து, வேர்த்த கைக்குப் பவுடர் போட்டுப் போட்டுப் பின்னினேன். "இந்தக் காத்துக்குள்ள கம்பளியை மடியில வச்சிருக்கிறவள் இந்த ஊரில நீ ஒருத்திதான்டி," என்றா அம்மா. உடம்பில் நிறங்கள் மெல்லிய வரியாக விழுந்தன. கையில் சுற்றளவு குறைவென்பதால் அதே நிறம் பட்டையாக விழுந்தது. இரண்டு கையும் ஒரே மாதிரி இருக்க வேண்டுமென்றால் இரண்டையும் ஒரே நிறத்தில் தொடங்க வேண்டும்; அதற்காக நூலை இழுத்து வெட்டி எறிந்தேன். மணிக்கட்டிலிருந்து மேலே போனேன். குறைக்கிற இரண்டு விரலை அக்குளுக்குக் கிட்டக் குறைத்து, அந்த இடத்தில் நூலை வெட்டி நிறத்தைப் பொருத்தினேன். வெளியில் பார்ப்பவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. போடுகிறவருக்கு மட்டும் தெரியும்.

நூல் கொண்டுவந்தவரே திரும்பிப் போகும்போது அதைக் கொண்டுபோனார். அடுத்த முறை பேசும்போது இவர் எடுத்த எடுப்பிலேயே அந்தக் கதையைத்தான் தொடங்கினார்.

"இடது கை அச்சொட்டா இருக்கு," என்றார். "எப்பிடி நினைவு வச்சிருந்தனீர்?"

அந்த ஒரு கேள்விக்காக இன்னும் பத்துச் சுவெற்றர் பின்னியிருப்பேன். அன்றைக்கு மீன் வாங்கி, அம்மாவுக்குப் பிடித்த மாதிரிச் சொதி வைத்தேன். கடதாசியைப் பற்றிய கவலைகூடக் குறைந்திருந்தது.

அடுத்த பனிக்காலத்துப் படம் வந்தது. அவர் போட்டிருந்தது அவளுடைய சுவெற்றர். கொம்பு வைத்த மான்கள். மாறிப் போடத்தானே வேண்டும், தோய்த்துக் காயப் போட்டிருப்பார் என்று மனதை ஆற்றப் பார்த்தேன். அதற்குள் கண் இடது கைக்குப் போய்விட்டது. அது விரல்களை மூடவில்லை. வலது கையைப் போலவே மணிக்கட்டில் நேராக நின்றது.

செருப்பை மாட்டிக்கொண்டு தொலைபேசிக் கடைக்கு ஓடினேன்.

"அந்த மான் சுவெற்றரின்ர கை கட்டையாப் போயிருக்கு. ஆர் செய்தது?"

"அக்காதான். அவிட்டுத் திரும்பப் பின்னினவ."

"உங்கட கையைப் பிடிச்சு அளந்தவவோ?"

"சீ, என்ன கதை இது. உம்மட சுவெற்றரை மேசையில விரிச்சு, அதை வச்சுத்தான் அளந்தவ."

எனக்கு மூச்சு வந்தது. கையைத் தொடவில்லை, என் பின்னலைத்தான் தொட்டிருக்கிறாள். வைத்துவிட்டு வெளியே வந்தேன். நல்ல கடற்காற்று அடித்தது. துறைமுக வீதிச் சோதனைச் சாவடியில் வரிசையில் நின்று, என் முறை வந்ததும் பையைத் திறந்து மேசையில் வைத்தேன். ஆமிக்காரன் உள்ளே இருந்ததை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் பரப்பினான். அப்போதுதான் உறைத்தது. என் சுவெற்றரை விரித்தது ஆருடைய மேசையில்?

மீன் வெட்டுகிற மேசையில் ஒருவரும் கம்பளியை விரிக்கமாட்டார்கள். சுவெற்றர் தானாக நடந்து போகாது. ஒன்றில் அவர் அதை அவள் வீட்டில் கழற்றியிருக்க வேண்டும், அல்லது அவள் இவருடைய அறைக்கு வந்திருக்க வேண்டும். பரப்பியதையெல்லாம் வாரிப் பைக்குள் திணித்துக்கொண்டு திரும்பி ஓடினேன். கடைக்காரர் கதவை இழுத்துப் பூட்டிவிட்டார். ஊரடங்குக்கு நேரமாகிவிட்டதாம். அடுத்த முறை அவரோடு கதைத்தபோது அம்மாவின் கால் நோவைப் பற்றிக் கதைத்தேன்.

கடதாசி கடைசிவரைக்கும் வரவில்லை. சண்டை முடிந்த பிறகு அவர்தான் வந்தார், இரண்டு சுவெற்றரையும் பெட்டியில் மடித்து வைத்துக்கொண்டு. "எறிய மனம் வரேல்ல. நல்ல சாமான்," என்றார். எது நல்ல சாமான் என்று நான் கேட்கவில்லை. மேசையைப் பற்றியும் இன்றுவரை கேட்கவில்லை. அவருக்குப் பொய் சொல்ல வராது. கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவார்.

இந்த வெக்கையில் இரண்டையும் ஒருவரும் போடப் போவதில்லை. ஒரே அலுமாரியில், ஒரே தட்டில், பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. கம்பளி அரிபடாமல் இருக்கப் போடும் பூச்சி உருண்டையை நான் என்னுடையதற்குள் மட்டும்தான் வைக்கிறேன். அவளுடையதை மாதத்துக்கு ஒருக்கால் விரித்துப் பார்க்கிறேன். இன்னும் ஒரு ஓட்டைகூட விழவில்லை.