பரங்கிப் பூவும் சோபனாவின் கையும்

ஒடுகத்தூர் சோபனாவுக்கு ராசியில்லாத கை என்று பட்டம் கட்டியது வேறு யாருமில்லை, மாமியார் கமலம்தான். கல்யாணமாகி ஆறு வருஷம், குழந்தையில்லை. இந்த மார்கழியில் கொல்லைப் பரங்கிக் கொடியிலும் பிஞ்சுகள் மஞ்சளாகி உதிரத் தொடங்கின. கேட்க வேண்டுமா! "வெதை போட்டவ கை அப்டி. தை பொறக்கட்டும், பரணிக்கு வேற பொண்ணு பாக்கறேன்" என்றாள். மகன் பரணிதரன் செல்போனைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அடேயப்பா, என்ன புருஷன்!

சோபனா மூக்கைச் சிந்திக்கொண்டு உட்காருகிற ரகம் இல்லை. ஆம்பூர் ஷூ கம்பெனியில் செக்கிங் பார்ப்பவள். தையல் பிரிந்தால் எந்த டேபிளில் கோளாறு என்று தேடிப் பிடிப்பது அவள் வேலை. கார்த்திகையில் காய்த்த கொடிக்கு மார்கழியில் என்ன கேடு? இரண்டு நாள் விடிகாலையில் கொல்லையில் நின்று பார்த்தாள். விஷயம் விளங்கிவிட்டது.

மார்கழி பிறந்ததிலிருந்து, கோலத்துச் சாணி உருண்டையில் செருக கமலம் தினமும் பூப் பறித்தாள், தெருவுக்கே கொடுத்தாள். அடியில் பிஞ்சு இருக்கிற பெண்பூவைத் தொடமாட்டாள். நீளக் காம்புள்ள ஆண்பூவை மட்டும், காய்க்காத பூதானே என்று ஒன்று விடாமல் பறித்துவிடுவாள். அப்புறம் மகரந்தம் எங்கிருந்து வரும்? தேனீ காலில் ஒட்ட ஒன்றுமில்லாமல் திரும்பிப் போயிற்று.

மறுநாள் சோபனா மாமியாருக்கு முந்தி எழுந்தாள். ஓர் ஆண்பூவைக் கிள்ளி, இதழை உரித்து, அதன் மஞ்சள் பொடியை விரிந்திருந்த ஐந்து பெண்பூக்களின் நடுவிலும் தடவினாள். இலைகளை இழுத்து மூடிவிட்டு வேலைக்குப் போனாள். பத்தாம் நாள் ஐந்து பிஞ்சும் பந்து பருமனாகிவிட்டன.

போகிக்கு முதல் நாள் காலை, அம்மாவையும் பிள்ளையையும் கொல்லைக்கு அழைத்துப் போய் இலையை விலக்கினாள்.

"பாருங்க அத்தை, இந்தக் கைதான். ஆம்பளைப் பூவ எல்லாம் பறிச்சிட்டு, பொம்பளைப் பூவத் திட்டினா எப்டிக் காய்க்கும்?"

"இன்னாடி, வாய் ஜாஸ்தி ஆவுது?"

"ஆவும். எனக்கு ஒரு கொறையும் இல்லன்னு ரிப்போர்ட்டு மூணு வருஷமா பீரோல கெடக்குது. உங்க புள்ள ஆஸ்பத்திரி வாசல மிதிச்சதில்ல. வியாழக்கிழமை டெஸ்ட்டுக்கு அவர் பேரக் குடுத்துட்டேன். அது முடியட்டும், அப்பறம் பொண்ணு பாருங்க."

"ஆம்பளைக்கு எதுக்கு டெஸ்ட்டு? நான் வரலன்னா?" என்றான் பரணிதரன், தரையைப் பார்த்தபடி.

"நீங்க பாக்கப் போற பொண்ணு வீட்டுக்கு, என் ரிப்போர்ட்ட நானே எடுத்துனு போய்க் குடுக்கறேன்."

தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு நடந்தாள். வாசல் தாண்டியபோது பின்னால் பரணிதரன் குரல் கேட்டது.

"எத்தினி மணிக்கு?"

"ஒம்பதுக்கு" என்றாள், திரும்பாமலே.