மேய்ப்பர் சங்கீதம்

இலங்கை மலைநாட்டில் மஸ்கெலியாவுக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஞானப்பூ கொழுந்து எடுத்தாள். எழுத்து ஒன்றும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் உபதேசியார் வாசிப்பதைக் காதால் வாங்கி, மலையில் முணுமுணுத்தே வேதாகமச் சங்கீதங்களைப் பாடம் பண்ணியவள். எங்கள் வரிசை வீடுகளான லயத்தில் யாருக்கு என்ன கஷ்டம் என்றாலும் அவளைக் கூப்பிடுவார்கள். மாரியம்மனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்த கையோடு, "ஞானப்பூவையும் ரெண்டு வார்த்த சொல்லச் சொல்லு" என்பார்கள். அதனால் சாமிகளுக்குள் சண்டை வந்ததாக நான் கேள்விப்படவில்லை.

காய்ச்சலுக்குத் தொண்ணூற்றோராம் சங்கீதம். பயணத்துக்கு, மலைகளைப் பார்த்து ஒத்தாசை கேட்கிற சங்கீதம். கர்த்தரை, புல்லுக்கும் தண்ணீருக்கும் கூட்டிப்போகிற மேய்ப்பர் என்கிற இருபத்துமூன்றாவதை மட்டும், இனிப் பிழைக்கமாட்டார் என்று தெரிந்த பிறகுதான் சொல்லலாம். இது வேதத்தில் எங்கும் இல்லை, எங்கள் லயத்துச் சட்டம். உபதேசியார் அதைச் சொல்லி ஜெபித்த இரண்டு மூன்று பேர் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தார்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. ஆனால் பயம் வந்தபின் யார் யோசிக்கிறார்கள்? ஞானப்பூவே அதை முழுக்க நம்பினாள். அவள் வாயில் அந்த முதல் வரி வந்தால் வாசலில் ஒப்பாரி தொடங்கிவிடும்.

புருஷன் போனபின் அவளுக்கு மிஞ்சியது ஒரே மகள் கிருபை. ஐம்பத்தேழாம் வருஷ மழையில் கிருபைக்குத் தலைப்பிரசவ வலி வந்தது. பிள்ளை இறங்கவில்லை. மண் சரிந்து லொறிப் பாதை அடைபட்டுக் கிடந்தது. ஆண்கள் கம்பளியைக் கம்பில் கட்டி, அவளைப் படுக்கவைத்து, டிக்கோயா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். தாய் மகளின் கையைப் பிடித்தபடி தொண்ணூற்றோராம் சங்கீதத்தை விடாமல் சொல்லிக்கொண்டே போனாள்.

"அம்மா, பயமா இருக்கும்மா. மேய்ப்பர் சொல்லும்மா."

"அது வேணாம்டி. அது உனக்கில்ல. நீ பொழச்சு வருவ."

"ஒரே ஒரு தடவம்மா. அதுதாம்மா எனக்குப் புடிக்கும்."

ஞானப்பூ குரலை உயர்த்தித் தொண்ணூற்றொன்றையே சொன்னாள். மகள் அதற்குப் பிறகு கேட்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலை எட்டும் முன்பே அவளும் வயிற்றுப் பிள்ளையும் போய்விட்டார்கள்.

குழியருகே உபதேசியார் மேய்ப்பர் சங்கீதத்தைத் தொடங்கினார். ஞானப்பூ அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாங்கய்யா, நிறுத்துங்க. புள்ள கேட்டப்ப நான் குடுக்கல. இப்ப மண்ணுக்கா சொல்லப்போறீங்க?"

அதோடு அவள் யாருக்கும் சங்கீதம் சொல்வதை விட்டாள். கூப்பிடப் போனவர்களிடம் தலையை மட்டும் ஆட்டினாள். எனக்கும் கோபம்தான், அவள் மேல் அல்ல, அந்தப் பாழாய்ப்போன சட்டத்தின் மேல்.

சில வருஷம் கழித்து, லயத்தில் பக்கத்துக் காம்பிரா வீட்டில் வீரய்யா காய்ச்சலில் விழுந்தார். மருந்துக்காரர் கையை விரித்துவிட்டார். வீரய்யாவின் மனைவி பேச்சியம்மா வந்து காலைக் கட்டிக்கொண்டு அழ, ஞானப்பூ எழுந்து போனாள்.

"அண்ணே, எது சொல்லட்டும்?" இதற்குமுன் நோயாளியிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

"புல்லு, தண்ணியெல்லாம் வருமே... அது சொல்லு தங்கச்சி."

"ஐயோ, அது வேணாம்!" என்று பேச்சியம்மா மார்பில் அடித்துக்கொண்டாள்.

"கேக்குறவருக்குக் குடுத்துருவோம் மதினி."

முதல் வரியிலிருந்து கடைசி வரை, அவசரப்படாமல் சொன்னாள். வெளியே பெண்கள் அழத் தொடங்கினார்கள்.

விடிந்தபோது வீரய்யாவுக்கு வேர்த்துக் கொட்டியிருந்தது. எழுந்து உட்கார்ந்து, கஞ்சி குடித்து, வெற்றிலையும் கேட்டார். பேச்சியம்மா தண்ணீர் கொட்டும் பீலிக்கு ஓடினாள். அங்கே ஞானப்பூ குடம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஞானப்பூ, அவரு எந்திரிச்சிட்டாருடி! கஞ்சி குடிச்சாருடி!"

ஞானப்பூவின் முகம் முதலில் மலர்ந்தது. பிறகு குடம் நிறைந்து வழிய வழிய, அப்படியே ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப அது யாரையும் கொல்லாதுல்ல மதினி," என்றாள். "புள்ள கேட்டுச்சே. சொல்லியிருக்கலாமே."