கிழித்துப் போட்ட கார்டுகள்

இன்று உத்திரமேரூர் பேருந்து நிலைய டீக்கடையில் வேணுவைப் பார்த்தேன். எண்பதுகளில் எங்கள் அறுவை சிகிச்சைப் பிரிவில் கிளார்க்காக இருந்தவர்.

என் ஆய்வுக் கட்டுரைகளில் இன்றும் அதிகம் மேற்கோள் காட்டப்படுவது அப்போது எழுதியதுதான். எண்டோஸ்கோப்பியில் இரைப்பைப் புற்றுநோயைக் கண்டுபிடித்து ஆபரேஷன் செய்தவர்கள் எவ்வளவு காலம் வாழ்ந்தார்கள் என்பது விஷயம்.

நோயாளி வீட்டுக்குப் போகும்போது எங்கள் விலாசம் எழுதிய போஸ்ட் கார்டுகளைக் கொடுத்தனுப்புவோம். எப்படி இருக்கிறார் என்று வீட்டார் எழுதிப் போட வேண்டும். பைலில் இருந்த கார்டெல்லாம் "நல்லா கீறாரு" என்றுதான் சொன்னது. கார்டு நின்றுபோனவர்களைத் 'தகவல் இல்லை' என்று கணக்கிலிருந்து ஒதுக்கிவிட்டேன்.

"ஒரு சாவுச் செய்திகூட வரலையே வேணு, ஆச்சரியம்தான்" என்றேன்.

"இன்னா சார் இப்டி சொல்றீங்க? திருமுக்கூடல்லேருந்து மட்டும் நாலஞ்சி வந்துச்சே. படிச்ச ஒடனே கிழிச்சிப் போட்டுட்டேன். சாவுக் கார்டை யாராச்சும் பத்திரமா வெச்சிக்கினு இருப்பாங்களா?"

எங்கள் வீட்டிலும் கிழித்துத்தான் போடுவோம்.

கோபம் வரவில்லை. வருத்தமும் வரவில்லை. ஆறிப்போன டீயைக் குடித்து முடித்தேன்.

பஸ்ஸில் போன் அதிர்ந்தது. அந்தக் கட்டுரையை இன்னொருவர் மேற்கோள் காட்டியிருக்கிறாராம்.

அதன் கணக்கே தப்பு என்று, வெளியிட்ட பத்திரிகைக்கு எழுத வேண்டும். அதற்கு முன் இந்தப் பதிவில் உங்களுக்குச் சொல்கிறேன். இதுவும் சாவுச் செய்திதான். ஆனால் படித்துவிட்டு இதைக் கிழிக்க முடியாதே, என்ன செய்யப் போகிறீர்கள்?