மூடியைக் கட்டாதீங்க அண்ணே

எனக்குப் புலியைக் கண்டால் பயமில்லை. நான் பார்க்கும் புலிகளெல்லாம் மயக்க ஊசி போட்டுப் படுத்திருப்பவை. என் பயமெல்லாம் நைட்ரஜன் டேங்க்தான்.

எங்கள் ஆய்வகம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவரிசையின் மாடியில் இருக்கிறது. அழிந்துவரும் புலி, சிறுத்தை, காட்டுப்பூனைகளின் விந்தைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்துப் பாதுகாப்பது என் வேலை. அம்மாவிடம் இதை விளக்கப் போய் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். "பொம்பளப் புள்ள செய்யுற வேலையா லா இது?"

வேட்டைக் கண்ணியில் முன்காலை இழந்த ஆண்புலி ஒன்று ஒருநாள் விலங்குக் காப்பகத்தில் செத்துப்போனது. அதற்குக் குட்டி கிடையாது. அதனுடையது என்று மிஞ்சியவை எங்கள் டேங்கில் கிடந்த விந்து அடைத்த இரண்டு மெல்லிய குழல்கள் மட்டுமே. அவற்றை ஒரு பெண்புலிக்குச் செலுத்துவதாக ஏற்பாடு.

அதே வாரம் போர்ட் கிள்ளான் துறைமுகத்திலிருந்து நைட்ரஜன் கொண்டுவரும் லோரி பழுதாகிவிட்டது. அடுத்த நாளிலிருந்து தொடர் விடுமுறை வேறு. நான் மர ரூலரை டேங்குக்குள் விட்டு எடுத்துக் காற்றில் வீசிப் பார்த்தேன். பனி படிந்த உயரம்தான் நைட்ரஜனின் உயரம். இரண்டு விரல் அளவுகூட இல்லை. விடுமுறை முடிவதற்குள் தீர்ந்துவிடும்.

துறைமுகத்தில் கொள்கலன் லோரி ஓட்டும் என் அண்ணன் அன்று லீவில் இருந்தார். "நாமளே போய் ரொப்பிக்கிட்டு வந்துடலாம்" என்று காரோடு வந்து நின்றார். நான் ஆய்வகத்தைப் பூட்டிக்கொண்டிருக்கும்போதே பால்கேன் அளவு இருக்கும் டேங்கைப் பின்சீட்டில் வைத்துப் பெல்ட்டும் போட்டுவிட்டார். நல்ல மழை. நைட்ரஜன் ஆவி காருக்குள் தேங்கினால் மூச்சு முட்டும் என்பதால் ஜன்னல்களை நான் மூடவிடவில்லை. அதற்குக்கூட அவர் முணுமுணுத்தார்.

ஷா ஆலாம் பக்கம் ஜாமில் நின்றபோது திரும்பிப் பார்த்தேன். மூடியோரம் எப்போதும் கசியும் வெள்ளைப் புகையைக் காணோம். மூடியைச் சுற்றிப் பிளாஸ்டிக் தாள், அதன்மேல் வரிவரியாகச் சரக்குக் கட்டும் டேப்.

"அண்ணே, யாரு கட்டுனது?"

"நான்தான். ஆவியா லீக் ஆவுது லா. நீதான் நைட்ரஜன் கொறையுது, கொறையுதுன்னு அழுதே?"

"அறிவிருக்கா அண்ணே! அது மூச்சு விடணும்! அடைச்சா வெடிக்கும்!"

அண்ணன் அவசரப் பாதையில் காரை ஓரங்கட்டினார். "நீ எறங்கு, நான் வெட்டுறேன்" என்றார். "ரெண்டு புள்ளைக்கு அப்பா நீங்க, தள்ளிப் போங்க" என்று கத்தினேன். கையுறையை மாட்டிக்கொண்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு, கைக்கெட்டிய தூரத்திலிருந்து கத்தரியால் டேப்பை அறுத்தேன். மூடி பறந்துபோய்க் கார்க் கூரையில் மோதியது. ஒன்றும் தெரியாமல் எங்கும் வெண்புகை. அண்ணன் என் பெயரைச் சொல்லி அலறியது மட்டும் காதில் விழுந்தது.

டேங்க் வெடிக்கவில்லை. எனக்கும் ஒன்றும் ஆகவில்லை. ரூலரில் ஒரு விரல் பனி இருந்தது. போர்ட் கிள்ளான் போய் டேங்கை ரொப்பினோம்.

குழல்களுக்குள் உயிர் இருக்கிறதா என்பது உருக்கினால்தான் தெரியும். உருக்கியதை மறுபடி உறையவைக்க வழியில்லை. அதனால் பெண்புலிக்குச் செலுத்தும் நாள்வரை அந்தப் பயத்தோடுதான் சோறு தின்றேன், தூங்கினேன்.

அன்று காப்பகத்துக்கும் அண்ணன்தான் கூட்டிப்போனார். உள்ளே பெண்புலி மயங்கிக் கிடந்தது, பக்கத்தில் கால்நடை டாக்டர் தயாராக நின்றார். முதல் குழலை உருக்கி, ஒரு துளியை நுண்ணோக்கியில் வைத்தேன். அசைவே இல்லை. மேலும் கீழும் தேடினேன். எல்லாம் செத்துக் கிடந்தன.

இரண்டாவதை உருக்கினேன். ஓரமாய் ஒன்று வாலை ஆட்டியது. அப்புறம் இன்னொன்று. பிறகு பத்திருபது. "இருக்கு டாக்டர், சீக்கிரம்!" என்று கத்தினேன்.

எல்லாம் முடிந்து வெளியே வந்தேன். அண்ணன் கார் கூரையின் புடைப்பைத் தடவிக்கொண்டு நின்றார். என் முகத்தைப் பார்க்கவே அவருக்குப் பயம்.

"என்னால செத்துப்போச்சா?"

"ஒண்ணு செத்துருச்சு. ஏன்னு தெரியல. இன்னொண்ணு உசுரோட உள்ள போயிருச்சு."

அவர் அப்படியே ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டார். நிமிர்ந்து என்னைப் பார்த்துக் கேட்டார். "அப்போ குட்டி பொறக்கும்தானே?"

நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். "தெரியாதுண்ணே. அந்தப் புலியோடது இனிமே எங்ககிட்ட ஒண்ணும் இல்ல."